எட்டு சென்டிமீட்டர் திறப்பு: ஆனைமலைப் பக்கத்துக் கிளை வாய்க்கால் ஒன்றின் ஷட்டர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்புலம்

ஆழியாற்றில் 1962-இல் அணை பயன்பாட்டுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அந்த ஆற்றின் தண்ணீரில் நெல் விளைந்த நிலப்பகுதி ஆனைமலைச் சுற்றுவட்டாரம். பெரியணை, காரப்பட்டி, பள்ளிவிளங்கால், அரியாபுரம், வடக்கலூர் என்னும் ஐந்து வாய்க்கால்களின் வழியே 6,400 ஏக்கர் இன்றும் ‘பழைய ஆயக்கட்டு’ என்ற பெயரில் பாசனம் பெறுகிறது. வயலில் பாய்ந்து மிஞ்சும் தண்ணீர் வடிகால்கள் வழியே மீண்டும் ஆற்றில் சேர்ந்து, மணக்கடவு தடுப்பணையைத் தாண்டிக் கேரளத்துச் சித்தூர்ப் புழைக்குப் போகிறது. 1970-ஆம் ஆண்டு பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்கு அளந்து விடப்பட வேண்டும். மாநிலங்களுக்கு இடையே இப்படிக் கணக்காக அளக்கப்படும் அதே ஆற்றின் தண்ணீர், ஒரு கிளை வாய்க்காலின் தலைமடையில் கடப்பாரையாலும் கண்மதிப்பாலும் பங்கிடப்பட்டு வந்ததுதான் இந்த ஆய்வின் தொடக்கம்.

இங்கே விவரிக்கப்படும் கிளை வாய்க்கால் மேற்சொன்ன ஐந்தில் ஒன்றிலிருந்து பிரிவது. எதிலிருந்து என்பதும், தொடர்புடையவர்களின் பெயர்களும் தேவையில்லை என்பதால் விடப்பட்டுள்ளன. கிளையின் கீழ் ஏறத்தாழ 120 ஏக்கர் நிலம் உள்ளது. முதல் 90 ஏக்கர் முழுவதும் நெல்; கடைமடையில் உள்ள 30 ஏக்கரில் பாதி நெல், மீதி தென்னை. அப்பகுதியில் சிறிய இயந்திரப் பட்டறை நடத்தும் பொறியாளன் என்ற முறையில் என்னை அழைத்தவர்கள் கடைமடைக்காரர்கள். அவர்கள் கேட்டது ‘உடையாத ஷட்டர்’ ஒன்று மட்டுமே. அந்தக் கேள்வி போதாது என்பது எனக்கும் அப்போது தெரியவில்லை.

பழைய ஷட்டரில் கண்டவை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒப்பந்தப் பணியில் அமைக்கப்பட்டிருந்த ஷட்டர் அது. 75 செ.மீ. அகலமுள்ள கட்டுமானத் திறப்பு. இருபுறமும் சுவரில் பதித்த இரும்புச் சேனல். அதனுள் ஏறி இறங்கும் 5 மி.மீ. தகடு, தகட்டின் தலையில் பற்றவைத்த 20 மி.மீ. கம்பி. கம்பியில் 10 செ.மீ.க்கு ஒன்றாகத் துளைகள் போடப்பட்டிருந்தன. கதவைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, வேண்டிய துளையில் முளையைச் செருகி நிறுத்துவது வழக்கம்.

நான் பார்த்தபோது கம்பி நடுவிலிருந்து மேல்நோக்கி வில்லாக வளைந்திருந்தது. இதற்கு முன் இரண்டு முறை அது நிமிர்த்தப்பட்டிருந்ததற்கான பற்றவைப்புத் தழும்புகளும் இருந்தன. தகடு கீழ் விளிம்பில் புடைத்திருந்தது. அடித்தளத்தில் கதவு உட்காருவதற்கென்று விடப்பட்டிருந்த பள்ளம் மணலும் சிறுகல்லுமாக நிரம்பி இறுகிப்போயிருந்ததால், கதவு எந்த நிலையிலும் முழுமையாக மூடவில்லை. பூட்டு போடுவதற்காக வைத்திருந்த கொண்டி அறுக்கப்பட்டிருந்தது.

கம்பியை யார் வளைத்தார்கள் என்பது ஊரில் பெரிய வழக்காகவே இருந்தது. தலைமடைக்காரர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்பது ஒரு தரப்பு; கடைமடை இளைஞர்கள் இரவில் வந்து சம்மட்டியால் அடித்தார்கள் என்பது மறுதரப்பு. பல ஆண்டுகளாக அந்த மடையில் தண்ணீர் திருப்பிவிடும் பொறுப்பிலிருந்த பெரியவர் ஒருவர் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. “கதவு கனமில்லீங்க தம்பி, தண்ணிதான் அதைப் புடிச்சுக்குது. தூக்கறப்பயும் விடாது, எறக்கறப்பயும் விடாது” என்றார். கணக்கிட்டுப் பார்த்தபோது வழக்கின் விடை முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது.

தண்ணீர் பிடிக்கும் விசை

செங்குத்தாக நிற்கும் கதவின் மீது தண்ணீர் செலுத்தும் விசையை அறிவது எளிது. மறுபக்கம் வறண்டிருப்பதாகக் கொண்டால், தண்ணீரின் ஆழத்தை அதே ஆழத்தால் பெருக்கி, அதைக் கதவின் அகலத்தால் பெருக்கி, பாதியாக்க வேண்டும்; எல்லா அளவும் மீட்டரில் இருந்தால் விடை டன்னில் கிடைக்கும். கிளை பிரியும் தாய் வாய்க்காலில் வழக்கமான ஆழம் 80 செ.மீ. அப்போது 75 செ.மீ. அகலக் கதவின் மீது கால் டன்னுக்குச் சற்றுக் குறைவாக, 240 கிலோ விசை விழும். மழைக்காலத்தில் ஆழம் 1.2 மீட்டராகும்போது அதுவே 540 கிலோ. ஆழம் ஒன்றரை மடங்காகும்போது விசை இரண்டேகால் மடங்காகிறது. இந்தப் பெருக்கத்தைத்தான் கண்ணால் மதிப்பிட முடிவதில்லை.

இந்த விசை கதவைத் தூக்கவோ தாழ்த்தவோ செய்வதில்லை. பக்கத்துச் சேனலோடு சேர்த்து அழுத்துகிறது. துருவும் மணலும் ஏறிய இரும்பு இரும்பின் மீது நகர, அழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு, அதாவது 0.6 மடங்கு, உராய்வாக எதிர்க்கும் என்று வைத்துக்கொண்டால், 540 கிலோவுக்கு 324 கிலோ உராய்வு. கதவும் கம்பியும் சேர்ந்து 45 கிலோ. ஆகவே தூக்க வேண்டியது 370 கிலோ. இதைக் கடப்பாரையும் இரண்டு ஆட்களும் செய்துவிட முடியும்.

சிக்கல் மூடும்போதுதான். கதவின் எடை 45 கிலோ கீழே இழுக்கிறது. உராய்வு 324 கிலோ அதைத் தடுக்கிறது. எனவே மேலிருந்து ஏறத்தாழ 280 கிலோ விசையோடு கீழே தள்ளினால்தான் கதவு இறங்கும். தன் எடையிலேயே இறங்கிவிடும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட ஷட்டர் அது. அடியில் தகட்டோடு பற்றவைக்கப்பட்டு, மேல்முனை எதிலும் பிடிப்பில்லாமல் நிற்கும் 20 மி.மீ. கம்பி, ஒன்றரை மீட்டர் நீளத்தில் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்று பார்த்தால், வளைவதற்கு முன் 175 கிலோ அளவுதான். தேவை 280, தாங்குவது 175. வெள்ளம் வந்த ஓர் இரவில் யாரோ ஒருவர், தன் வயல் மூழ்காமலிருக்க, கதவை மூடுவதற்காகத் தலையில் ஓங்கி அடித்திருக்கிறார், கம்பி வளைந்திருக்கிறது. எந்தத் தரப்பைச் சேர்ந்தவராயினும் அவர் செய்தது மூட வேண்டிய கதவை மூட முயன்றதே. வடிவமைப்பின் குறையை இரண்டு ஆண்டுகளாக ஒருவர் மீது ஒருவர் பழியாகச் சுமத்திக்கொண்டிருந்தார்கள் என்பதை இரு தரப்பும் கூடியிருந்த கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சுவரில் கரியால் எழுதிக் காட்டியபோது எழுந்த மௌனத்தை என்னால் மறக்க முடியாது.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு திறப்பு

துளைகள் 10 செ.மீ. இடைவெளியில் இருந்ததும் சண்டைக்கு ஒரு காரணம் என்பது அடுத்துத் தெரிந்தது. 120 ஏக்கருக்கு விநாடிக்கு 3 கன அடி, அதாவது 85 லிட்டர் தண்ணீர் என்பது அங்குள்ளவர்கள் ஏற்றுக்கொண்டிருந்த பங்கு. நாள் முழுவதும் அந்த அளவு ஓடினால் நிலம் முழுவதும் 15 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். நெல்லுக்கும், வாய்க்காலில் ஊறிப்போவதற்கும் சேர்த்து அது நியாயமான அளவு.

கதவுக்கு மேற்புறம் 80 செ.மீ., கீழ்ப்புறம் 50 செ.மீ. தண்ணீர் நிற்கும்போது மட்ட வேறுபாடு 30 செ.மீ. அந்த வேறுபாட்டில் தண்ணீர் கதவின் அடியில் விநாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் பாயும். இடுக்கில் நெருங்கிச் சுருங்குவதால் அதில் 0.6 பங்கே கணக்கில் சேரும். அதன்படி 75 செ.மீ. அகலத்தில் ஒவ்வொரு செ.மீ. திறப்பும் விநாடிக்கு ஏறத்தாழ 11 லிட்டர் விடுகிறது. வேண்டிய 85 லிட்டருக்கு 8 செ.மீ. திறப்பு போதும். பழைய ஷட்டரில் 8 செ.மீ. என்ற நிலையே கிடையாது. முதல் துளையில் வைத்தால் 109 லிட்டர், எடுத்துவிட்டால் மூடல். பங்கைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதலாக எடுக்கிறார்கள் என்று தாய் வாய்க்காலின் கீழ்ப்பகுதியினர் சொன்ன புகாரும் உண்மை. நாங்கள் ஒரு துளைதானே வைத்தோம் என்று கிளைக்காரர்கள் சொன்ன விடையும் உண்மை.

வடிவமைப்பில் எடுத்த முடிவுகள்

நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்தில் பாசன சபை வழியாக எழுத்துமூல அனுமதி பெற்று, சித்திரையில் வாய்க்கால் வறண்டிருந்த நாட்களில் வேலை தொடங்கியது. செலவை ஏக்கர் கணக்கில் பங்கிட்டுக்கொண்டனர்.

கம்பிக்குப் பதிலாகத் திருகுதண்டு வைப்பது முதல் முடிவு. 36 மி.மீ. தண்டில், ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. நகரும் சரிவக மரையை லேத்தில் வெட்டினோம். தண்டு கதவோடு சேர்ந்து மேலே ஏறும். சுழல்வது மேடையில் உள்ள கன்மெட்டல் (வெண்கல வகை உலோகம்) நட்டும் அதனோடு இணைந்த 40 செ.மீ. கைச்சக்கரமும் மட்டுமே. தண்டு சுழன்று நட்டு கதவில் இருக்கும் அமைப்பு மலிவானது. ஆனால் அதில் மரை எப்போதும் சேற்றுத் தண்ணீரில் நிற்கும். ஏறும் தண்டில் மரை தண்ணீருக்கு மேலேயே இருப்பதால் கிரீஸ் நிற்கும். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தண்டின் தடிமனைத் தீர்மானித்தது தூக்கும் விசையன்று. 250 கிலோ தூக்க அவ்வளவு தடித்த தண்டு தேவையே இல்லை. சக்கரத்தின் விளிம்பில் 10 கிலோ விசை கொடுத்தால் அது தூக்கிவிடும். நான் கணக்கிட்டது வேறொரு நிலையை: மணல் அடைத்துக் கதவு இறங்காத ஓர் இரவில், வலுவான ஓர் ஆள் இரண்டு கையாலும் தன் முழு பலத்தையும் சக்கரத்தில் செலுத்தினால் என்ன ஆகும்? ஒவ்வொரு கையிலும் 40 கிலோ என்று கொண்டால் தண்டின் மீது 2 டன் அமுக்கம் வரும். மரையின் அடிவிட்டம் 29 மி.மீ. உள்ள தண்டு, மேலே நட்டின் பிடிப்பும் இருப்பதால், 3 டன் வரை வளையாமல் நிற்கும். வளைவதை எதிர்க்கும் திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பதால், விட்டத்தில் சேர்க்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் விலையைவிடப் பல மடங்கு பலன் தருகிறது. கோபத்தில் இருக்கும் மனிதனையும் தாங்கும்படிதான் மடைக்கு ஷட்டர் செய்ய வேண்டும்.

தகட்டை 6 மி.மீ. ஆக்கினோம். வலிமைக்கு அதுவே போதும். ஆனால் விறைப்புக்குப் போதாது. 1.2 மீட்டர் தண்ணீரில் வெறும் 6 மி.மீ. தகடு கீழ்ப்பகுதியின் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் புடைக்கக்கூடும். புடைத்த தகட்டின் ஓரங்கள் சேனலைக் கவ்விக்கொள்ளும். பழைய 5 மி.மீ. தகட்டில் நடந்தது இதுவே. ஆகவே 50 மி.மீ. ஆங்கிள் இரண்டைக் குறுக்காகப் பற்றவைத்தோம். அழுத்தம் அடியில் அதிகம் என்பதால் இரண்டையும் சம இடைவெளியில் வைக்காமல் கீழ்ப்பாதிக்கு நெருக்கமாக வைத்தோம். கதவின் மொத்த எடை 60 கிலோ ஆயிற்று.

சேனலின் உட்புறத்தில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையும், கதவின் ஓரங்களில் நைலான் பட்டையும் பொருத்தினோம். அடித்தளத்தில் பள்ளம் எதுவும் விடாமல், வாய்க்கால் தரையோடு சமமாக ஒரு தட்டை எஃகுப் பட்டை பதித்து, கதவின் கீழ் விளிம்பில் 12 மி.மீ. ரப்பர் பட்டை வைத்தோம். பள்ளம் இருந்தால்தான் கசியாது என்று கொத்தனார் வாதிட்டார். ஓடும் தண்ணீர் கழுவிச் செல்லக்கூடிய தட்டைத் தரை மட்டுமே மணல் உள்ள வாய்க்காலில் மூடும் என்பதற்குப் பழைய பள்ளத்தில் கெட்டிப்பட்டிருந்த மண்ணே சான்றாக இருந்தது.

கதவின் கீழிருந்து பாயும் வேகத்தில் மண் அரிக்காமலிருக்க, இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கல் பாவினோம். தண்டின் பக்கத்தில் செ.மீ. அளவுகோல் ஒன்றை நிறுத்தி, 8 என்ற இடத்தில் கரையில் நின்றே தெரியும்படி பச்சைக் கோடு தீட்டினோம். பூட்டைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. கதவையே பூட்டினால் வெள்ளத்தில் அறுப்பார்கள். பூட்டாவிட்டால் இஷ்டத்துக்குத் தூக்குவார்கள். இறுதியில் தண்டில் ஒரு தடைவளையம் வைத்தோம். வளையம் பூட்டியிருக்கும்போதும் கதவை எப்போது வேண்டுமானாலும் மூடலாம், 8 செ.மீ.க்கு மேல் திறக்க மட்டும் முடியாது. சாவி இரண்டு, ஒன்று தலைமடையிலும் மற்றொன்று கடைமடையிலும் ஒவ்வொருவரிடம் இருக்கும், திறக்க இருவரும் வர வேண்டும் என்று முடிவாயிற்று.

பொருத்திய பின் முதல் இரண்டு வாரங்கள்

தண்ணீர் விட்ட அன்று பத்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் தூக்கினாள். பத்தாவது நாள் அதே சக்கரத்தை நான் இரண்டு கையால் சுற்ற வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் கதவு பாதி வழியில் நின்றுவிட்டது.

காரணம் நைலான். அது தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். தண்ணீரிலேயே கிடந்தால் அளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு வரை கூடும். 40 மி.மீ. அகலப் பட்டையில் அது ஒரு மில்லிமீட்டர். நான் சேனலுக்கும் பட்டைக்கும் இடையே விட்டிருந்த மொத்த இடைவெளியும் ஒரு மில்லிமீட்டர்தான். பட்டறையில் உலர்ந்த நிலையில் அளந்து, பொருத்தம் அருமையாக இருக்கிறது என்று மகிழ்ந்த பொருத்தம் அது. தண்ணீருக்குள் வேலை செய்யும் பொருளைத் தண்ணீரில் ஊறவைக்காமல் அளந்தது என் தவறு.

கதவைக் கழற்றி நைலானை நீக்கிவிட்டு, தண்ணீர் உறிஞ்சாத ஹெச்.டி.பி.இ. என்னும் பிளாஸ்டிக் பட்டைகளை வைத்தோம், அவை நைலானைவிட மென்மையானவை, சீக்கிரம் தேயும், ஆனால் பருக்காது. இடைவெளியை மூன்று மில்லிமீட்டராக்கினோம். பக்கவாட்டில் சிறிது கசிவு கூடியது. பாசனக் கதவில் அந்தக் கசிவு பொறுக்கத்தக்கது. ஏறாத கதவு பொறுக்கத்தக்கதன்று. வேலை நடந்த இரண்டு நாளும் கிளைக்குத் தண்ணீர் இல்லை. நாற்றங்கால் நேரமாக இருந்ததால் அந்த இரண்டு நாளும் எனக்குப் பெரும் பாரமாகவே கழிந்தன.

இரவில் ஏறிய தண்ணீர்

ஷட்டர் சரியானதும் பச்சைக் கோட்டில் வைத்துத் தண்ணீரை அளந்தோம். சிமென்ட் பூசிய பகுதியில் 10 மீட்டர் தூரம் குறித்து, எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு, கடக்கும் நேரத்தைப் பார்த்தோம். மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கி, தண்ணீரின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் ஓட்டத்தின் அளவு கிடைக்கும். பகலில் 36 விநாடி. அதாவது 85 லிட்டர். கணக்கும் வாய்க்காலும் ஒத்துப்போயின.

ஆயினும் மூன்றாம் வாரத்தில் இரண்டு புகார்கள் ஒன்றாக வந்தன. இரவில் கிளைக்குத் தண்ணீர் அதிகமாகப் போகிறது என்றனர் தாய் வாய்க்காலின் கீழ்ப்பகுதியினர். விடியற்காலைக்குப் பின் குறைகிறது என்றனர் கடைமடைக்காரர்கள். கதவு பச்சைக் கோட்டிலிருந்து அசையவே இல்லை. தடைவளையமும் பூட்டியே இருந்தது. இரண்டு இரவுகள் மடையருகே அமர்ந்து, மணிக்கொரு முறை தாய் வாய்க்காலின் மட்டத்தைக் குறித்துக்கொண்டோம்.

மேலே உள்ள மடைகளை மாலையில் மூடிவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கம். மூடப்பட்ட தண்ணீர் தாய் வாய்க்காலில் சேர்ந்து, நள்ளிரவில் 80 செ.மீ. ஆழத்தை ஒரு மீட்டராக்கியது. காலையில் எல்லாரும் திறந்ததும் ஆழம் 65 ஆகியது. 30 செ.மீ. ஆக இருக்க வேண்டிய மட்ட வேறுபாடு இரவில் 45 ஆகவும் காலையில் 20 ஆகவும் மாறியது. ஓட்டம் மட்ட வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும் என்பதால், இரவில் ஐந்தில் ஒரு பங்கு கூடியும் காலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் வந்தது. இரண்டு புகாரும் உண்மை.

கதவை மணிக்கொரு முறை ஏற்றி இறக்குவது என்பது நடக்காத காரியம். மாற வேண்டியது கதவன்று, அதன் முன் நிற்கும் தண்ணீரின் மட்டம் என்பது அந்த இரண்டு இரவுகளில்தான் எனக்குப் புரிந்தது.

பலகை அடைப்பு

கதவின் அடியில் பாயும் தண்ணீருக்கும் தடுப்பின் மேல் வழியும் தண்ணீருக்கும் குணம் வேறு. அடியில் பாய்வது மட்டம் மாறினால் சிறிதளவே மாறும். மேலே வழிவது நேர் எதிர். மட்டம் சிறிதே ஏறினாலும் ஓட்டம் மிகுதியாகக் கூடும். இதைத் திருப்பிச் சொன்னால், ஓட்டம் எவ்வளவு கூடினாலும் வழியும் தடுப்பின் முன் மட்டம் அதிகம் ஏறாது. எனவே கிளைக்கு அடியில் பாயும் ஷட்டரும், அதையடுத்துத் தாய் வாய்க்காலின் குறுக்கே வழியும் தடுப்பும் இருந்தால், வரும் ஏற்ற இறக்கமெல்லாம் தடுப்பின் மேலே போய்விடும். கிளைக்கு ஏறத்தாழ நிலையான தண்ணீர் கிடைக்கும்.

பாலக்காட்டுப் பக்கத்தில் சீப்பு என்று சொல்லும் பலகை அடைப்பைப் பார்த்துப் பழகிய தச்சர் ஒருவர் எங்களுக்குக் கிடைத்தார். 2.4 மீட்டர் அகலத் தாய் வாய்க்காலின் இருபுறமும் காடி வைத்து, 15 செ.மீ. உயரமும் 5 செ.மீ. தடிமனும் உள்ள வேங்கைப் பலகைகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார். தடுப்பின் உயரம் 60 செ.மீ. வழக்கமான ஓட்டத்தில் தண்ணீர் அதன் மேல் 21 செ.மீ. உயரத்தில் வழியும், ஓட்டம் ஒன்றரை மடங்கானாலும் 28 செ.மீ. தான். 20 செ.மீ. ஏறிய மட்டம் இப்போது 7 செ.மீ. ஏறினால் போதும். மரம் மிதக்கும் என்பதால் பலகைகளை மேலே எழவிடாமல் இருபுறமும் ஆப்பு அடிக்க வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

பலகை இறங்கிய அன்றே தாய் வாய்க்காலின் கீழ்ப்பகுதியினர் திரண்டு வந்தனர். “எங்க தண்ணிக்கு நடுவுல பலகையை வெச்சுப்போட்டு, தண்ணி வரும்னு சொன்னா எப்படீங்க நம்பறது?” என்று ஓர் அம்மாள் கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. ஒரு வாய்க்காலின் குறுக்கே அடைப்பு வைப்பதைக் கீழே உள்ளவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் செய்திருந்தோம். அன்று பலகைகளை எடுத்துவிட்டோம்.

நான்கு நாள் கழித்து, அவர்கள் முன்னிலையில், அவர்களே தேர்ந்தெடுத்த இடத்தில் கீழ்ப்பகுதியின் மட்டத்தை ஒரு குச்சியில் குறித்துவிட்டுப் பலகைகளை இறக்கினோம். முதல் அரை மணி நேரம் மட்டம் இறங்கியது; மேலே தேங்கும் இடம் நிரம்பும்வரை அப்படித்தான் இருக்கும். பிறகு வழியத் தொடங்கி, குறித்த இடத்துக்கே திரும்பியது. மூன்று மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்து பார்த்தார்கள். நிபந்தனைகள் இரண்டு விதித்தனர்: நான்கு பலகைக்கு மேல் ஐந்தாவது எந்நாளும் ஏறக்கூடாது; பலகை இறக்குவதும் எடுப்பதும் அவர்கள் தரப்பில் ஒருவர் இருக்கும்போதே நடக்க வேண்டும். ஐந்தாம் பலகை நுழைய முடியாதபடி காடியின் மேற்பகுதியைச் சிமென்ட்டால் அடைத்துவிட்டோம்.

ஒரு போகத்துக்குப் பின்

அறுவடை வரை கிளையின் ஓட்டத்தை வாரம் ஒரு முறை பகலிலும் இரவிலும் அளந்தோம். பழம் மிதக்கும் முறையின் துல்லியம் குறைவு. அதையும் சேர்த்துப் பார்த்தால், இரவு பகல் வேறுபாடு பத்தில் ஒரு பங்குக்குள் நின்றது. கடைமடை நெல்வயலில் நடவு, தலைமடையை அடுத்து ஒரு வாரத்துக்குள் முடிந்தது. தடைவளையம் ஒரு முறை மட்டுமே திறக்கப்பட்டது. மணலைக் கழுவிவிட, இரு சாவிக்காரர்களும் வந்து திறந்தனர்.

எதிர்பாராத தொல்லை தென்னையால் வந்தது. மட்டை, பன்னாடை, தேங்காய் மட்டை என்று வாய்க்காலில் விழுவதெல்லாம் 8 செ.மீ. இடுக்கில் வந்து அடைத்தது. கடைமடையில் தண்ணீர் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது மடையின் வாய் என்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. கம்பித் தடுப்பு ஒன்றைச் சரிவாக முன்னால் வைத்தோம். அதையும் நாள்தோறும் ஒருவர் வாரிவிட வேண்டியிருக்கிறது. பலகைகளின் பின்னால் வண்டல் படிவதால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான்கையும் எடுத்துக் கழுவிவிடுகிறார்கள். கிரீஸில் புழுதி ஒட்டி மரையைத் தேய்க்கத் தொடங்கியதைக் கண்டு, ஏறும் தண்டுக்கு மேல் முனை மூடிய பி.வி.சி. குழாய் ஒன்றை உறையாகப் போட்டோம்.

மறுமுறை செய்தால்

முதலில் மாற்றுவது அகலத்தை. பழைய கட்டுமானத்தில் 75 செ.மீ. திறப்பு இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதே அகலத்தில் கதவு செய்தேன்; கட்டியவர் ஏன் 75 வைத்தார் என்று கேட்கவில்லை. சுவரை உள்ளே தள்ளி 45 செ.மீ. ஆகக் குறைத்திருந்தால், அதே 85 லிட்டருக்கு 13 செ.மீ. திறக்க வேண்டியிருக்கும், தேங்காய் மட்டை தடையில்லாமல் போயிருக்கும். கதவின் மீதான அழுத்தம் 540 கிலோவிலிருந்து 324 ஆகியிருக்கும். சக்கரத்தின் ஒரு சுற்று 6.5 லிட்டருக்குப் பதிலாக 4 லிட்டரை மாற்றும் என்பதால் நுட்பமும் கூடியிருக்கும். செங்கல்லும் ஒரு நாள் கூலியும்தான் கூடுதல் செலவு.

இரண்டாவது, கதவைப் பற்றி ஒரு கோடு வரைவதற்கு முன்பே இரண்டு இரவுகள் மடையில் தங்கி மட்டத்தைக் குறிப்பது. பகலில் மட்டும் பார்த்து வடிவமைத்ததால் பலகை அடைப்பு பிற்பாடு வந்தது. பிற்பாடு வந்ததால் அது கீழே உள்ளவர்களுக்குச் சூழ்ச்சியாகத் தோன்றியது. முதல் கூட்டத்துக்கே தாய் வாய்க்காலின் கீழ்ப்பகுதியினரையும் அழைத்திருக்க வேண்டும்.

அதே தாய் வாய்க்காலில் அடுத்த கிளைக்காரர்கள் இப்போது தங்கள் மடைக்கும் ஷட்டர் கேட்டிருக்கிறார்கள். அங்கே திறப்பின் அகலம் 90 செ.மீ. பெரியவரும் நானும் சென்ற வாரம் டார்ச் விளக்கோடு போய், மாலை ஆறு மணியிலிருந்து விடியும்வரை மட்டத்தைக் குறித்துக்கொண்டு வந்தோம்; வரைபடம் இன்னும் தொடங்கவில்லை.